சுவரில் பூஞ்சை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கருப்புப் பூஞ்சை. பூஞ்சைத் தடுப்பு பெயிண்ட் அடித்தும் சில மாதங்களில் திரும்பிவிட்டது. எந்த பெயிண்ட் நல்லது?

பெயிண்ட் கடைக்குப் போகும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஈரம் இருக்கும்வரை எந்த பெயிண்டும் நிற்காது. கறை இருக்கும் இடமே பாதி விடை சொல்லிவிடும். தரையிலிருந்து கிளம்பி, பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் ஒரே மட்டமாக நின்றால் நிலத்து ஓதம், அதாவது சுவர் நிலத்திலிருந்து உறிஞ்சும் ஈரம். கூரையிலோ குழாய் போகும் பாதையிலோ திட்டாக, மழையோடு பெரிதானால் கசிவு. மூலைகளிலும் ஜன்னல் ஓரத்திலும் பீரோவுக்குப் பின்னாலும் என்றால், பெரும்பாலும் அறைக் காற்றின் ஈரம்தான் குளிர்ந்த சுவரில் படிகிறது, குளிர்ந்த தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது மாதிரி.

சந்தேகம் தீரவில்லையா? சுவரில் ஓர் இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, அங்கே ஓர் அலுமினியத் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப்பால் இறுக ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளின் முன்பக்கம் ஈரமாக இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். பின்பக்கம் ஈரமாக இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் வேலையும் இரண்டு!

உங்கள் பீரோ வெளிச்சுவரை ஒட்டி இருக்கும் என்று நினைக்கிறேன். சுவரைச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட்டு, பீரோவைக் குறைந்தது 5 முதல் 10 செ.மீ. தள்ளிப் போடுங்கள். பெயிண்ட் எல்லாம் அப்புறம்.

பிளீச்சையும் வினிகரையும் கலந்து தேய்த்தால் சீக்கிரம் போகுமா?

கலக்கவே கலக்காதீர்கள். குளோரின் வாயு வரும், அது நுரையீரலைத் தாக்கும். அம்மோனியா உள்ள கிளீனரையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. டைல்ஸ், கண்ணாடி, உலோகம் என்றால் சோப்புத் தண்ணீரும் தேய்க்கும் பிரஷ்ஷும் போதும். காய்ந்த பூஞ்சையை அப்படியே சுரண்டினால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். அதனால் முதலில் நனைத்துவிட்டு, கையுறையும் என்95 மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துத் துடையுங்கள். மெத்தை, ஜிப்சம் பலகை போன்றவற்றுக்குள் பூஞ்சை இறங்கிவிட்டால் மேலே துடைத்துப் பயனில்லை. மனசு வராதுதான், ஆனாலும் தூக்கிப் போடுங்கள். சுமார் 10 சதுர அடிக்கு மேல் படர்ந்திருந்தால் ஆள் வைத்துச் செய்வது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

சுவரின் அடியில் வெள்ளையாகப் பொடி பூக்கிறது. இதுவும் பூஞ்சையா?

உப்பாக இருக்கலாம். கொஞ்சம் சுரண்டி ஒரு சொட்டுத் தண்ணீரில் போடுங்கள், கரைந்தால் உப்பு. உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்று அர்த்தம். உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்து மூடினால், போக வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். பலர் காசை விடுவது இங்கேதான்.

கருப்புப் பூஞ்சைதான் விஷம் என்கிறார்களே, ஆய்வகத்தில் சோதிக்கவா?

நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எந்த வகையானாலும் அகற்றத்தான் வேண்டும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும் என்பதால் மருந்து அடித்து அப்படியே விட்டுவிடாதீர்கள். சோதனைக்கு ஆகும் செலவைக் கசிவை அடைக்கப் போடுங்கள்.

மழை நாளில் ஜன்னலைத் திறந்து வைப்பதா, மூடுவதா?

ஒரே பதில் கிடையாது. வெளிக்காற்று குளிராக இருந்தால், உள்ளே வந்து சூடேறும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் (அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவு) குறையும், கொஞ்ச நேரம் திறப்பதில் லாபமே. வெளியே வெக்கையும் ஈரமுமாக இருந்தால் திறக்கத் திறக்க ஈரம்தான் உள்ளே வரும். ஊகிப்பதை விட, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி வையுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 30 முதல் 50 என்றால் இன்னும் நல்லது. குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் 15, 20 நிமிடம் ஓடட்டும். மூடிய அறைக்குள் துணி காயப்போடும் பழக்கத்தை முதலில் விடுங்கள், அந்தத் தண்ணீர் முழுக்க அறைக் காற்றில்தான் கலக்கிறது. வேறு வழியில்லாத வீட்டில் காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் கருவி உதவும், ஆனால் ஒழுகும் குழாய்க்கு அது மருந்தில்லை.

குழாய் உடைந்து கார்ப்பெட் நனைந்துவிட்டது. வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம், இன்றே தொடங்குங்கள். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் உள்ள விரிப்பையும் எடுத்து, ஃபேனைத் தரையைப் பார்த்து வையுங்கள். சாக்கடைத் தண்ணீர் என்றால் காயவைக்கும் பேச்சே இல்லை, கார்ப்பெட்டை வெளியேற்றிவிடுங்கள்.