1500 மீட்டரில் மூச்சு எங்கே போகிறது? – கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், பொள்ளாச்சிப் பக்கம் உடற்தகுதித் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் வேறு சிலரும் அனுப்பிய கேள்விகள் இவை. ஓட்டம் பழக்கிவிடுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): மாஷே, நான் கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணித் தேர்வாணையம்) உடற்தகுதித் தேர்வுக்கும் பொள்ளாச்சியில் இருக்கும் சித்தப்பா மகன் தமிழ்நாடு போலீசுக்கும் தயாராகிறோம். 1500 மீட்டரை அவன் 7 நிமிடத்துக்குள், நான் 5 நிமிடம் 44 விநாடிக்குள் முடிக்க வேண்டும். சேர்ந்துதான் ஓடுகிறோம். இரண்டு பேருக்கும் மூன்றாவது சுற்றில் கால் கட்டிப் போகிறது. ஏன்?

பதில்: தம்பி, உங்களைக் கவிழ்ப்பது மூன்றாவது சுற்று இல்லை, முதல் சுற்று. அவனுக்கு 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி போதும். உங்களுக்கு 1 நிமிடம் 31. விசில் அடித்ததும் எல்லாரும் பாய்கிறார்களே என்று நீங்களும் 1 நிமிடம் 15 விநாடியில் முதல் சுற்றை முடித்தால், அந்தக் கடனை மூன்றாவது சுற்றில்தான் கட்டுவீர்கள்.

தசை சுருங்க ஏ.டி.பி. வேண்டும், செல்கள் நேரடியாகச் செலவழிக்கும் எரிசக்தி மூலக்கூறு அது. உடம்பில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். உடனுக்குடன் நிரப்ப மூன்று வழி உண்டு. ஒன்று, தசையிலேயே இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்: மிக வேகமானது, ஆனால் முழு வேகத்தில் சுமார் பத்து விநாடியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இரண்டு, சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமல் பாதியில் உடைப்பது: ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏ.டி.பி.தான் மிச்சம், ஆனால் சட்டென்று கிடைக்கும். மூன்று, அதே குளுக்கோஸை ஆக்சிஜனோடு முழுதாக எரிப்பது: சுமார் 30 ஏ.டி.பி., ஆனால் நிதானமாக வரும். கொழுப்பும் இந்த வழியில்தான் எரியும்.

முதலில் கிரியேட்டின் பாஸ்பேட், அது தீர்ந்ததும் சர்க்கரை, அப்புறம் மூச்சு என்று பாடம் நடத்துவார்கள். அப்படி முறை வைத்து வருவதில்லை. மூன்று அடுப்பும் முதல் விநாடியிலேயே பற்றிக்கொள்கின்றன. எதில் தீ எவ்வளவு என்பதுதான் மாறும். முழு வேகத்தில் ஓடினாலும் சுமார் ஒன்றேகால் நிமிடத்திலேயே ஆக்சிஜன் வழி பாதிப் பங்கை எடுத்துக்கொள்கிறது. 1500 மீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அதுதான்.

ஆகவே வாரத்தில் நான்கு நாள், பக்கத்தில் ஓடுகிறவனோடு பேச முடிகிற வேகத்தில் 30, 40 நிமிடம் ஓடுங்கள். ஒரே ஒரு நாள், தேர்வு வேகத்தில் ஐந்து முறை 400 மீட்டர். நடுவில் மூன்று நிமிடம் நடை. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு எதிராக ஓடும் பக்கம் நேரம் கூடத்தான் செய்யும், அதற்காகப் பதற வேண்டாம். முதல் சுற்றில் மட்டும் பாயாதீர்கள்.

கேள்வி (மீனாட்சிபுரம்): எனக்குத் தேர்வில் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். ஸ்பிரிண்ட் மட்டும் பழகினால் போதுமா சார்?

பதில்: போதாதும்மா. இரண்டரை நிமிடம் என்பது ஸ்பிரிண்ட் இல்லை. மேலே சொன்ன நிதான ஓட்டம் உங்களுக்கும்தான்.

கேள்வி (சித்தூர் பக்கம், கள் இறக்குபவர்): காலையும் மாலையும் தென்னை ஏறுகிறேன். மரத்துக்கு மரம் களைப்பே தெரிவதில்லை. ஆனால் பையனோடு அரை கிலோமீட்டர் ஓடினால் நாக்குத் தள்ளுகிறது. உடம்பில் ஏதாவது கோளாறா?

பதில்: மிக நல்ல கேள்வி அண்ணா. நீங்கள் ஏறுவது அரை நிமிடத்துக்குள். மேலே போனதும் பாளையைத் தட்டி, சீவி, கள்ளை ஊற்றிக்கொண்டு, இறங்கி அடுத்த மரத்துக்கு நடக்கிறீர்கள். செலவான கிரியேட்டின் பாஸ்பேட்டில் பாதி அரை நிமிடத்திலேயே திரும்பிவிடும். மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் ஏறக்குறைய முழுதும். அடுத்த மரத்தடிக்கு நீங்கள் நிறைந்த கையோடுதான் வருகிறீர்கள். ஓட்டத்தில் அந்த இடைவெளி இல்லை, காலும் அதற்குப் பழகவில்லை. மூச்சு வாங்குவது அதனால்தான் இருக்கும். ஆனால் ஏறும்போது நெஞ்சை அடைத்தாலோ தலை சுற்றினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மரத்தின் மேல் அதைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

கேள்வி (பொள்ளாச்சி, ஜிம் பயிற்சியாளர்): மறுநாள் தொடை வலிப்பது தேங்கி நிற்கும் லாக்டிக் ஆசிட். அதைப் பிழிந்து வெளியேற்ற மசாஜ் வேண்டும் என்று ஏன் நீங்கள் சொல்வதில்லை?

பதில்: உண்மை இல்லை என்பதால் சொல்வதில்லை. கடும் ஓட்டத்தில் ஏறும் லாக்டேட் (லாக்டிக் ஆசிட் உடம்பில் இருக்கும் வடிவம், சர்க்கரை பாதியில் உடையும்போது வருவது) ஒரு மணி நேரம் போல இறங்கி வழக்கமான அளவுக்கு வந்துவிடும். வலி உச்சம் தொடுவதோ ஒன்றிலிருந்து மூன்று நாளில்.

அவரே மறுபடியும்: இருபது பேரிடம் கண்ணால் பார்த்திருக்கிறேன். மசாஜ் செய்தால் குறைகிறது.

பதில்: குறைகிறது, மறுக்கவில்லை. குறைவதற்குக் காரணம் லாக்டேட் இல்லை என்கிறேன். வெள்ளியங்கிரி மலை ஏறிப் போனவர்களைக் கேளுங்கள். ஏறும்போது மூச்சு முட்டும். இறங்கும்போது மூச்சு வாங்காது, கம்பை ஊன்றி மெல்ல வருவோம். லாக்டேட் அதிகம் ஏறுவது ஏற்றத்தில். மறுநாள் வீட்டுப் படி இறங்க விடாமல் தொடையைப் பிடிப்பது இறக்கத்தின் வலி. நீண்டுகொண்டே சுமை தாங்கும்போது தசை நாரில் ஏற்படும் நுண்ணிய சேதம் அது.

இன்னொருவர் (வாளையார்): ஓடும்போது வருகிற எரிச்சலாவது அதனால்தானே?

பதில்: அந்த நேரத்தில் தசையில் அமிலத்தன்மை கூடுகிறது, பாஸ்பேட் சேர்கிறது, லாக்டேட்டும் கூடவே ஏறுகிறது. கூட நிற்பதாலேயே குற்றவாளி ஆகிவிடாது. லாக்டேட் எரிபொருள். இதயம் அதை எரிக்கிறது. கல்லீரல் அதை மறுபடி குளுக்கோஸ் ஆக்குகிறது. கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி கண்டு சொன்ன சுழற்சி இது. கிளைக்கோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை) ஆய்வுக்காக 1947இல் நோபல் பெற்றவர்கள். பிள்ளைகளிடம் கழிவு, விஷம் என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். ஓடி முடித்ததும் பத்து நிமிடம் மெல்ல நடக்கச் சொல்லுங்கள், இன்னும் சீக்கிரம் இறங்கும்.

ஜிம்காரர்: எனக்குச் சொல்லித்தந்தவர் தப்பாகவா சொல்வார்?

பதில்: அவர் காலத்தில் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். இறக்கத்தில் ஓடவிட்டுப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

கேள்வி (வேலந்தாவளம்): 1500க்கு முன்னால் என்ன சாப்பிடலாம்?

பதில்: வழக்கமாகச் சாப்பிடும் இட்லி, மூன்று மணி நேரம் முன்னால். தசையில் 400 கிராம் போல கிளைக்கோஜன் இருக்கும். ஏழு நிமிடத்தில் அது தீராது.

கேள்வி (எலப்புள்ளி): ஓட்டத்துக்கு முன்னால் குளுக்கோஸ் பவுடர் கலக்கிக் குடிக்கலாமா?

பதில்: மேலே உள்ளதைப் படியுங்கள். வலி மாத்திரையும் யாரோ தந்த பவுடரும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி (கோபாலபுரம்): எனக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். வெறும் வயிற்றில் ஓடலாமா?

பதில்: உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். நான் சொல்லக்கூடாது.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): பி.எஸ்.சி. உடற்தகுதித் தேர்வில் எட்டுப் போட்டியில் ஐந்து தேற வேண்டும். 100 மீட்டர் ஓடியதும் உடனே நீளம் தாண்டக் கூப்பிட்டால்?

பதில்: வரிசை உங்கள் கையில் இல்லை, இடைவெளி ஓரளவு உண்டு. 100 மீட்டர், நீளம் தாண்டல், உயரம் தாண்டல் எல்லாம் கிரியேட்டின் பாஸ்பேட் வேலை. ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். நிழலில் நில்லுங்கள், இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள். 1500 கடைசியில் வந்தால் நல்லது. அப்போதும் முதல் சுற்று 1 நிமிடம் 31தான்.