ஆற்றோர மனையா, நெடுஞ்சாலை மனையா?

வணக்கம். காலணி மேற்பாகம் தைக்கும் கூடத்துக்காக, ஆற்காட்டுப் பக்கம் பாலாற்றை ஒட்டிய மலிவான மனையையும் வாலாஜாபேட்டை நெடுஞ்சாலையோரம் விலை கூடிய மனையையும் பார்த்திருப்பதாகவும், ட்ரோன் பறக்கவிட்டு நிலத்தை அளக்க இப்போதே பணம் கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. நிலத்தை வாங்கியபின், மேடுபள்ளம் நிரவ மண் கணக்கிடும்போது அது பயன்படும்.

முதலில் வெள்ளத்தைப் பாருங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட நாட்களை ஒட்டிய சென்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் ரேடார் படங்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் புவி கண்காணிப்புத் திட்டமான கோப்பர்நிக்கஸின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ரேடார் அலை மேகத்தை ஊடுருவுவதால் மழைக்காலத்திலும் நிலம் தெரியும், பரந்து தேங்கிய நீர் கருமையாகத் தோன்றும். ஆனால் அந்தச் செயற்கைக்கோள் ஓரிடத்தை நாள்தோறும் கடப்பதில்லை. வெள்ளம் உச்சத்தில் இருந்த வேளையை அது தவறவிட்டிருக்கலாம். ஆகவே படத்தில் நீர் இல்லை என்பதை மட்டும் நம்பிவிடாமல், தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்து விவசாயிகளிடமும் விசாரியுங்கள்.

இஸ்ரோவின் புவன் என்ற இணைய வரைபடத் தளத்தில் ஏரிகளையும் கால்வாய்களையும் மேலோட்டமாகப் பார்க்கலாம். மனையின் எல்லைக்கு, அரசின் நில அளவை வரைபடமான புலப்படத்தையும் நில அளவையரையும்தான் நம்ப வேண்டும்; கைப்பேசி ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும், பக்கத்து மனைக்காரரோடு வழக்குக்கு அதுவே போதும்.

தையல் வேலைக்குக் கழிவுநீர் குறைவு என்றாலும், தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் அளவுக்கு மாசுபட்ட வட்டாரம் இது. அந்தக் கழிவில் கலந்து நிலத்தடி நீருக்குள் இறங்கும் குரோமியம் என்ற உலோகத்தை எந்தச் செயற்கைக்கோளும் காட்டாது. முன்பணம் கொடுக்கும் முன் ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள்.