அப்பீல் திகதி தவறிவிட்டது, இனிக் கட்டித்தான் ஆகவேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. என் மகன் லண்டனில், ஹரோ பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறான். ஒரு நாள் இரவு வேலை முடிந்து வரும் வழியில் சுப்பர்மார்க்கெட் கார் பார்க் ஒன்றில் காரை நிறுத்திச் சாமான் வாங்கிவிட்டு, களைப்பில் காருக்குள்ளேயே தூங்கிவிட்டானாம். நேரம் கடந்து நின்றதாகத் தனியார் கம்பனி ஒன்று 100 பவுண் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறது. கடிதம் போனது அவன் முன்பு இருந்த ஈஸ்ட்ஹாம் விலாசத்துக்கு. அந்த வீட்டுப் பொடியன் அதை எடுத்துக் கொடுக்கும்போது அப்பீல் பண்ணும் 28 நாளும் முடிந்துவிட்டது. இப்போது கடன் அறவிடும் கம்பனி ஒன்று சிவப்பு எழுத்தில் 170 பவுண் கேட்கிறது. எங்கள் காசுக்கு 70,000 ரூபாய் அளவில் வருகிறது. விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்று மகன் பயப்படுகிறான், அவனுடைய அப்பா எப்படியாவது கட்டச் சொல்கிறார், என் காப்பை அடகு வைக்கலாமா என்றும் யோசித்தோம். அங்கே இருபது வருடமாக இருக்கும் என் தம்பியோ கடிதங்களைக் கிழித்துப் போடு, ஒன்றும் நடக்காது என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அம்மா, காப்பு கையிலேயே இருக்கட்டும். உங்கள் தம்பி சொல்வதையும் கேட்கவேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதில் போக மகனுக்குக் கொஞ்சம் பொறுமையும் ஒரு கோவையும் போதும்.

முதல் வேலை, கடிதத்தை அனுப்பியது யார் என்று மகன் நன்றாகப் பார்க்கவேண்டும். அந்த நாட்டில் ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. உள்ளூராட்சி சபை அனுப்புவது பெனால்டி சார்ஜ் நோட்டிஸ், அது சட்டப்படியான தண்டம். கட்டாமல் விட்டால் தொகை அரைவாசி கூடும், பிறகு வழக்கு விசாரணை என்று ஒன்று இல்லாமலே பிஸ்கால் மாதிரி, சாமானைத் தூக்க அதிகாரம் உள்ள ஆட்கள் வாசலுக்கு வரலாம். தனியார் கம்பனி அனுப்புவது பார்க்கிங் சார்ஜ் நோட்டிஸ். அது தண்டமே இல்லை. "எங்கள் இடத்தில் இன்ன நிபந்தனைக்கு வண்டி நிறுத்தினீர்கள், அதை மீறினீர்கள், ஆகவே இவ்வளவு தாருங்கள்" என்று கேட்கும் ஒப்பந்தக் கடன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மகனுக்கு வந்தது இரண்டாவது வகை. இங்கே பொலிஸார் தண்டப் பத்திரம் எழுதித் தந்து, தபாற்கந்தோரில் 14 நாளுக்குள் கட்டச் சொல்கிறார்களே, அந்தப் பயத்தோடுதான் நம் ஆட்கள் இந்தக் கடிதத்தையும் பிரிக்கிறார்கள். இதற்கும் பொலிசுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

தவறிப்போன அந்த 28 நாள், பார்க்கிங் கம்பனிகளின் சங்கங்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் விதி. அதற்குள் அப்பீல் பண்ணி, கம்பனி மறுத்தால், பொப்லா அல்லது ஐ.ஏ.எஸ். என்ற வெளி அமைப்பிடம் போகலாம். அந்த வாய்ப்பு இப்போது பெரும்பாலும் போய்விட்டது. மகன் இழந்தது அவ்வளவுதான். கடன் உண்மையில் இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு, அங்கே போய் எதிர்வாதம் செய்யும் உரிமை அப்பீல் தவறியதால் ஒரு துளியும் குறையவில்லை. இதைக் கம்பனியின் கடிதங்கள் பெரிய எழுத்தில் சொல்லமாட்டா.

உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை, பழைய கதை சொல்கிறார். 2012 ஒக்டோபருக்கு முன்னர் இங்கிலாந்தில் வண்டியை ஓட்டியவர் யார் என்று கம்பனிக்குத் தெரியாவிட்டால் அவர்களால் அதிகம் செய்யமுடியாது, ஆகவே கடிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் பலர். அந்த வருடம் நடைமுறைக்கு வந்த சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம், ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டாலும் கார் யார் பெயரில் பதிவோ அவரிடம் கேட்கலாம் என்று ஆக்கிவிட்டது. பிறகு 2015 நவம்பரில் பீவிஸ் என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. செம்ஸ்போர்டில் ஒரு கடைத்தொகுதியில் இரண்டு மணி நேரம் இலவசம் என்ற இடத்தில் அவர் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றதற்குக் கேட்கப்பட்ட 85 பவுண் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு கம்பனிகள் வழக்குப் போடக் கூச்சப்படுவதில்லை.

அந்தக் கடன் அறவிடும் கம்பனியை எடுத்துக்கொள்வோம். சிவப்பு எழுத்தில் என்ன எழுதினாலும் அவர்களுக்கு வீட்டுக்குள் வரவோ, சாமானைத் தூக்கவோ, சம்பளத்தில் கை வைக்கவோ அதிகாரம் இல்லை. கடிதம் எழுதுவார்கள், போன் எடுப்பார்கள், அதோடு சரி. 100 எப்படி 170 ஆனது என்றால், மேலதிக 70 பவுணும் அறவிடும் செலவு என்று அவர்கள் ஏற்றிக்கொண்டது. காரின் பதிவுப் பெயருக்கு உரியவரிடம் முதல் கடிதத்தில் கேட்ட தொகைக்கு மேலே கேட்க 2012ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்பது மகன் எழுத்தில் எடுத்து வைக்கவேண்டிய வாதம். இந்த 70 பவுணை வெட்டிய நீதிபதிகளும் உண்டு, கட்டச் சொன்னவர்களும் உண்டு. ஆகவே பயத்தில் 170ஐக் கட்டுவது மட்டும் வேண்டாம்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது அந்த ஈஸ்ட்ஹாம் விலாசம்தான் அம்மா. கம்பனி மகனின் விலாசத்தை எடுத்தது டி.வி.எல்.ஏ. என்ற வாகனப் பதிவு அலுவலகத்தில், ஒரு விசாரணைக்கு இரண்டரைப் பவுண் கட்டி. அங்கே இன்னும் பழைய விலாசம் இருந்தால், நாளைக்கு நீதிமன்றக் கடிதமும் அந்த வீட்டுக்கே போகும். மகனுக்குத் தெரியாமலே பதில் சொல்லும் காலம் முடியும், ஒருதலைத் தீர்ப்பு விழும். சி.சி.ஜே., அதாவது கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு, என்று அங்குள்ளவர்கள் சொல்வது இப்படியான தீர்ப்பைத்தான். ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் இப்படியான தீர்ப்புகளின் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், கட்டாவிட்டால் ஆறு வருடம் அதில் கிடக்கும். வாடகைக்கு வீடு எடுக்க, போன் கொன்ட்ராக்ட் எடுக்க, வங்கிக் கடன் கேட்க, எங்கே போனாலும் குறுக்கே நிற்கும். அப்படிப்பட்ட தீர்ப்பை ரத்துச் செய்ய விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கான கட்டணமே இந்தப் பார்க்கிங் காசைவிடக் கூட. ஆகவே மகன் இந்தக் கிழமையே காரின் பதிவுப் பத்திரத்தில் விலாசத்தை மாற்றட்டும், அதற்குக் காசு இல்லை. பார்க்கிங் கம்பனிக்கும் கடன் கம்பனிக்கும் ஈமெயில் போடட்டும்: "இதுதான் என் இப்போதைய விலாசம், பழையதை அழித்துவிடுங்கள், இந்தக் கடனை நான் ஏற்கவில்லை." அனுப்பியதற்கு ஒரு பிரதி கையில் இருக்கவேண்டும்.

அப்புறம், அதே ஈமெயிலில் தன்னைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் எல்லாப் பதிவுகளையும் தரச் சொல்லிக் கேட்கலாம். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தரவேண்டும். கார் உள்ளே வந்த படம், வெளியே போன படம், அனுப்பிய கடிதங்களின் பிரதி எல்லாம் அதில் வரும். வந்தவுடன் பார்க்கவேண்டியது திகதிகளை. கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் கமெராவை மட்டும் வைத்துப் பிடித்திருந்தால், முதல் கடிதம் சம்பவத்துக்கு மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் பதிவு விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். பிந்தியிருந்தால் பதிவுப் பெயருக்கு உரியவர் என்ற முறையில் மகனிடம் கேட்கமுடியாது, ஓட்டியவரிடம்தான் கேட்கலாம். அதனால் இந்தத் திகதிகளைப் பார்த்து முடிக்கும் வரை "நான் ஓட்டினேன், தூங்கிவிட்டேன்" என்று மகன் ஒரு வரியும் எழுதக்கூடாது. பொய் எழுதச் சொல்லவில்லை. ஓட்டியவர் யார் என்று கம்பனிக்குச் சொல்லும் கட்டாயம் அவனுக்கு இல்லை, அவ்வளவுதான். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: கடிதம் அந்த 14 நாளுக்குள் ஈஸ்ட்ஹாமுக்குப் போயிருந்தால், மகன் அங்கே இல்லை என்பது நல்ல வாதமாக நிற்காது. விலாசத்தை மாற்றவேண்டியது கார் வைத்திருப்பவரின் பொறுப்பு.

அந்த சுப்பர்மார்க்கெட்டில் மகன் சாமான் வாங்கினான் என்று எழுதியிருக்கிறீர்கள். ரசீதோ வங்கிக் கணக்கில் அந்தச் செலவோ இருந்தால் கடையின் மனேஜரிடம் நேரே போய்க் காட்டட்டும். இடம் கடையுடையது அல்லது கடை வாடகைக்கு எடுத்தது, பார்க்கிங் கம்பனி அவர்களுக்காக வேலை செய்வது. கடை சொன்னால் கம்பனி பெரும்பாலும் ரத்துச் செய்துவிடும், அப்பீல் திகதி அங்கே ஒரு பொருட்டே இல்லை. பலர் இந்த வழியைத் தேடிப் போவதில்லை, எனக்கோ இதுதான் முதலில் தட்டவேண்டிய கதவு. மரியாதையாக, இரவு வேலை முடிந்து வந்த கதையை வாய்மொழியாகச் சொல்லிக் கேட்கட்டும்.

ஒன்றும் சரிவரவில்லை என்றால் அடுத்து வரக்கூடியது வழக்குக்கு முந்திய கடிதம். அதில் பதில் எழுத 30 நாள் தருவார்கள், பதில் படிவமும் கூடவே இருக்கும். அதை நிரப்பி, கடனை மறுக்கும் காரணத்தை எழுதி அனுப்பவேண்டும். அதற்குப் பிறகும் விடாமல் வழக்குப் போட்டால் நீதிமன்றத்திலிருந்து உரிமைகோரல் படிவம் வரும். இந்த ஒரு காகிதத்தை மேசையில் ஒரு நாள்கூடக் கிடக்க விடக்கூடாது. படிவத்தில் உள்ள வெளியீட்டுத் திகதியிலிருந்து ஐந்தாம் நாள் அது கையளிக்கப்பட்டதாகக் கணக்கு. அங்கிருந்து 14 நாளுக்குள் "கிடைத்தது, எதிர்வாதம் செய்யப்போகிறேன்" என்று இணையத்தில் பதிந்தால், எதிர்வாதத்தை எழுதி அனுப்ப மொத்தம் 28 நாள் கிடைக்கும். சிறு உரிமைகோரல் பிரிவில்தான் விசாரணை, சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை. தோற்றாலும் பொதுவாக அந்த 170, நீதிமன்றக் கட்டணம் 35, விசாரணை வரை போனால் அதற்கு ஒரு சிறு கட்டணம், அவர்களின் சட்டத்தரணிக்கு 50, கொஞ்சம் வட்டி, இவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் போகாது. தீர்ப்பு வந்த ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் பதிவும் மிஞ்சாது.

மகனின் பக்கம் வலுவானதா என்று கேட்டால், தூங்கிவிட்டேன் என்பது மட்டும் சட்டத்தில் அதிகம் நிற்காது. அறிவிப்புப் பலகை இருட்டில் வாசிக்கக்கூடியதாக இருந்ததா, நேரக் கட்டுப்பாடு தெளிவாக இருந்ததா, முதல் கடிதம் காலத்தோடு போனதா, இவற்றில்தான் அவன் வெல்லவோ தோற்கவோ போகிறான். இருட்டிய பிறகு ஒருநாள் போய்ப் பலகைகளைப் படம் எடுத்து வைக்கட்டும். எல்லாம் கம்பனிக்குச் சாதகமாக இருந்தால், 70ஐ விட்டுவிடுங்கள், முதலில் கேட்ட 100ஐத் தருகிறேன் என்று எழுத்தில் கேட்டுப் பார்ப்பதுதான் என் யோசனை. அந்தக் காசை அவன் தன் சம்பளத்தில் கட்டுவான், நீங்கள் இங்கிருந்து அனுப்பவேண்டாம்.

விசாவைப் பற்றி: இது குற்றம் அல்ல, பொலிஸ் பதிவில் ஏறாது, சிறைக்கும் போகமுடியாது. விசா மறுப்புக்குக் காரணமாக விதிகளில் எழுதப்பட்டிருப்பது தேசிய சுகாதார சேவைக்கு உள்ள கடன், உள்துறை அமைச்சுக்குக் கட்டவேண்டிய வழக்குச் செலவு போன்றவை. பார்க்கிங் கம்பனியின் கடன் அந்தப் பட்டியலில் இல்லை. மகனுக்குத் தனியாகச் செய்யக் கஷ்டமாக இருந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை நிலையம் நாடு முழுக்க இருக்கிறது, கடிதங்களோடு அங்கே போகச் சொல்லுங்கள்.

கேள்வி: போன வருடம் இங்கிலாந்துக்கு விடுமுறைக்குப் போயிருந்தேன். ஸ்லவ் நகரில் இருக்கும் ராத்தாவின் காரை இன்சூரன்ஸ் போட்டுச் சில நாள் ஓட்டினேன். ஒரு கார் பார்க்கில் காசு கட்டிய இயந்திரத்தில் இலக்கத்தகட்டைப் பிழையாக அடித்துவிட்டேன் போல, நான் ஊருக்கு வந்த பிறகு ராத்தாவுக்குக் கடிதம் வந்திருக்கிறது. அவர் வேலைப் பளுவில் அப்பீல் காலத்தை விட்டுவிட்டார். என் பெயரைக் கொடுக்கட்டுமா என்று கேட்கிறார். கொடுத்தால் அடுத்த முறை ஹீத்ரோவில் என்னை மறிப்பார்களா?
– வாசகர், சாய்ந்தமருது

பதில்: மறிக்கமாட்டார்கள். குடிவரவு அதிகாரிக்கும் தனியார் பார்க்கிங் கடனுக்கும் தொடர்பே இல்லை.

பெயர் கொடுப்பது ராத்தாவின் விருப்பம். வழக்குப் போடுவதற்கு முன்னர், ஓட்டியவரின் பெயரையும் அவர் வசிக்கும் அல்லது வசதியாகத் தொடர்புகொள்ளக்கூடிய விலாசத்தையும் கொடுத்துவிட்டால், 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி கார்ப் பதிவுக்காரரின் பொறுப்பு நீங்கும், கம்பனி உங்களிடம்தான் கேட்கவேண்டும். வழக்கு தொடங்கிவிட்டால் அந்த வாசல் அடைபட்டுவிடும். கொடுப்பதானால் உண்மையான பெயரையும் உண்மையான சாய்ந்தமருது விலாசத்தையும் கொடுக்கவேண்டும், கம்பனி தேடிக் களைக்கட்டும் என்று கற்பனை விலாசம் எழுதும் வேலை வேண்டாம்.

ஆனால் உங்கள் விடயத்தில் அதற்கு முன்னரே ஒரு சுலபமான வழி இருக்கிறது. நீங்கள் காசு கட்டியிருக்கிறீர்கள், பிழைத்தது எழுத்து மட்டும்தான். ஓரிரு எழுத்து மாறி அடித்துக் காசும் கட்டியிருந்தால் அந்த நோட்டிசை விட்டுவிடவேண்டும் என்று பார்க்கிங் சங்கங்களின் விதிக்கோவையே சொல்கிறது. உங்கள் வங்கிக் கணக்கில் அந்தக் கொடுப்பனவு தெரியும் பக்கத்தை எடுத்து, திகதியையும் நேரத்தையும் காட்டி, ராத்தாவின் பெயரில் கம்பனிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அப்பீல் காலம் போனாலும் ரத்துச் செய்ய அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. மறுத்தால் அந்தக் கம்பனி எந்தச் சங்கத்தில் அங்கத்தவரோ அங்கே முறைப்பாடு செய்யலாம், நீதிமன்றம் வரை போனாலும் அதே வங்கிப் பக்கம்தான் ராத்தாவின் கையில் இருக்கும் பலமான சாட்சி. நான் சொன்னது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய சட்டம். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இந்தப் பதிவுக்காரர் பொறுப்புச் சட்டம் செல்லாது, ஆகவே அங்கே இருக்கும் உறவுக்காரருக்கு இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பவேண்டாம்.