வாசகர் கேள்வி-பதில்: உற்பத்தி நின்றுபோன சிக் சாவர் பி239

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். மறைத்து எடுத்துச் செல்வதற்காக 9 மி.மீ. கைத்துப்பாக்கி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும்போது, உடன் பணிபுரிபவர் சிக் சாவர் நிறுவனத்தின் தயாரிப்பான தம்முடைய பழைய பி239-ஐ விற்பதாகச் சொல்கிறார். அதே நிறுவனத்தின் பி365 புதிதாகவே கிடைக்கும் நிலையில், தயாரிப்பு நின்றுபோன ஒன்றை வாங்குவது புத்திசாலித்தனமா?

பதில்: பி239 1996-இல் வெளிவந்து 2018-இல் நிறுத்தப்பட்டது. அது எந்தக் காலத்தில் உருவானது என்பதை அறிந்தால்தான் அதன் குணம் புரியும். 1994-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசின்களை (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டிகளை) புதிதாகத் தயாரித்துப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடுத்திருந்தது. அந்தத் தடை 2004-இல் காலாவதியானது. பத்துக்கு மேல் கூடாது என்று ஆனபின், இரட்டை வரிசை மேகசினும் அதற்கேற்ற பருமனான பிடியும் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. ஒற்றை வரிசையில் எட்டுத் தோட்டாக்கள் கொள்ளும் மேகசின், 3.6 அங்குலக் குழல், சுடும்போது பின்னும் முன்னும் ஓடும் மேற்பகுதியான எஃகு ஸ்லைடு, அலுமினியக் கலவைச் சட்டகம் ஆகியவற்றோடு வந்த பி239 அந்தக் கேள்விக்கு நல்ல விடையாக இருந்தது.

பி365 வந்தபோது கணக்கு மாறிவிட்டது. அதில் பத்துத் தோட்டாக்கள். எடை சுமார் 18 அவுன்ஸ். பி239-இன் எடையோ சுமார் 29 அவுன்ஸ். அதிக எடையும் குறைந்த தோட்டாக்களும் கொண்ட ஒன்றை எதற்காக வாங்க வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் இதைப் பல ஆண்டுகள் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: இடுப்பில் சுமையாகத் தெரியும் அந்த எடையே சுடும்போது உதவியாக மாறுகிறது. பின்னுதைப்பு மென்மையாக இருப்பதால் இரண்டாவது குண்டுக்குக் குறி விரைவில் திரும்புகிறது. ஐம்பது குண்டுகள் சுட்டபின்னும் உள்ளங்கை வலிப்பதில்லை. மிக இலகுவான சிறு துப்பாக்கியை வாங்கியவர்கள், அது கையை உதைப்பதாலேயே பயிற்சியைத் தள்ளிப்போடுவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பயிற்சி செய்யத் தூண்டும் துப்பாக்கியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே விலை நியாயமாகவும் நிலை நன்றாகவும் இருந்தால் வாங்கலாம். பணம் கொடுப்பதற்கு முன், மேகசினை எடுத்துவிட்டு, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில் எதுவும் இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, ஸ்லைடைக் கழற்றிப் பாருங்கள். சட்டகத்தின் மேல் விளிம்பில் ஸ்லைடு ஓடும் தடங்களில் கறுப்புப் பூச்சு சற்றுத் தேய்ந்து அலுமினியம் பளபளப்பது இயல்பு. அதே இடத்தில் விரல்நகம் தட்டுப்படும் அளவுக்குக் கீறலோ பள்ளமோ இருந்தால் விலகிவிடுங்கள். எஃகு அலுமினியத்தின் மீது உராய்ந்து ஓடும் அமைப்பு இது. நல்ல உரிமையாளர் அந்தத் தடங்களில் எண்ணெயோ கிரீஸோ எப்போதும் வைத்திருப்பார். வறண்டு கிடந்தால் பராமரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

விற்பவரும் நீங்களும் டெக்சாஸ்வாசிகள் என்றால், தனிநபர் விற்பனைக்குக் கூட்டாட்சிச் சட்டம் பின்னணிச் சோதனையைக் கட்டாயப்படுத்தவில்லை. இருந்தாலும் உரிமம் பெற்ற கடை வழியாக, பின்னணிச் சோதனைக்குரிய 4473 படிவம் நிரப்பி மாற்றிக்கொள்வதையே பரிந்துரைப்பேன், இருவருக்கும் நிம்மதி. விற்பவர் வேறு மாநிலத்தவர் என்றால், கைத்துப்பாக்கி உங்கள் மாநிலத்தில் உள்ள உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் உங்கள் கைக்கு வர வேண்டும்.

கேள்வி: பி239 வாங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. முதல் குண்டு எப்போதும் குறிக்குக் கீழே போகிறது. அடுத்தடுத்த குண்டுகள் சரியாக விழுகின்றன. துப்பாக்கியில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, இந்த வகைத் துப்பாக்கியின் இயல்பே அது. முதல் முறை டிரிகரை இழுக்கும்போது, கீழே படுத்திருக்கும் சுத்தியலைப் பின்னுக்குத் தூக்கி விடுவிக்கும் இரண்டு வேலைகளையும் உங்கள் விரலே செய்கிறது. அதற்குச் சுமார் பத்து பவுண்டு விசை வேண்டும். முதல் குண்டு வெடித்ததும் ஸ்லைடு பின்னால் வந்து சுத்தியலை நிமிர்த்திவிடுவதால், அடுத்த இழுப்புக்கு அதில் பாதிக்கும் குறைவான விசையே போதும். கனமான நீண்ட இழுப்பின் கடைசிக் கட்டத்தில், வெடிக்கப் போகிறது என்று தெரிந்து மணிக்கட்டு தன்னையறியாமல் தாழ்கிறது. வலக்கைக்காரர்களுக்குக் குண்டு இடப்பக்கம் கீழே விழும்.

இதற்கு வீட்டிலேயே வெற்றுப் பயிற்சி செய்யலாம். துப்பாக்கியைக் காலி செய்து இருமுறை சரிபார்த்து, தோட்டாக்கள் அனைத்தையும் வேறு அறையில் வைத்துவிட்டு, பாதுகாப்பான திசையில் நீட்டி, முன்குறியின் மேல் ஒரு சிறு நாணயத்தை வைத்து, அது விழாமல் டிரிகரை இறுதிவரை இழுத்துப் பாருங்கள். முதலில் நாணயம் விழுந்துகொண்டே இருக்கும். டிரிகரை நடுவில் நிறுத்தி நிறுத்தி இழுக்காமல், ஒரே வேகத்தில் வழுக்கிச் செல்லும்படி இழுக்கக் கற்றுக்கொண்டால் நாணயம் நிற்கத் தொடங்கும். ரேஞ்சில் (சுடும் பயிற்சித் தளத்தில்), மேகசின் முழுவதையும் ஒரே மூச்சில் சுடாமல், ஒவ்வொரு இரண்டு குண்டுக்கும் ஒருமுறை சுத்தியலை இறக்கிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். எளிதான இழுப்பிலேயே மேகசினைக் காலி செய்பவருக்கு, தேவைப்படும் நாளில் முதல் குண்டு எப்படிப் போகும் என்பதே தெரியாமல் போய்விடும்.

சுத்தியலை இறக்குவது பற்றியும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் துப்பாக்கியில் தனியாகப் பாதுகாப்புத் தாழ் கிடையாது. இடப்பக்கம் உள்ள டீகாக்கிங் லீவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுத்தியல் பத்திரமாகக் கீழே இறங்கும். டிரிகரை இழுத்துக்கொண்டே கட்டைவிரலால் சுத்தியலைப் பிடித்து இறக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை இன்றோடு விட்டுவிட வேண்டும். விரல் சற்றே வழுக்கினால் அறையில் இருக்கும் தோட்டா வெடிக்கும். சுட்டு முடித்ததும் லீவரை அழுத்தி, பிறகு சுத்தியலின் பின்புறத்தில் கட்டைவிரலை வைத்தபடியே உறைக்குள் செருகுங்கள். சட்டை நுனியோ கயிறோ டிரிகரில் சிக்கினால் சுத்தியல் விரலைத் தள்ளிக்கொண்டு அசைவது உடனே உணரப்படும். சுத்தியல் இல்லாத இன்றைய பெரும்பாலான சிறு துப்பாக்கிகளில் இந்த எச்சரிக்கை கிடையாது. உரிமையாளர்கள் பி239-ஐ விடாமல் வைத்திருப்பதற்கு இது முக்கியமான காரணம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: என்னுடைய பி239-இல் இருட்டில் ஒளிரும் குறிகள் இப்போது மங்கிவிட்டன. உதிரிப் பாகங்களும் அரிதாகிவருகின்றன. எவற்றை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: அந்தக் குறிகளை ஒளிரச் செய்வது டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள். அது பாதியாகக் குறையும் காலமான அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள். எனவே 25 ஆண்டு பழைய துப்பாக்கியில் தொடக்க ஒளியில் ஏறத்தாழ கால் பங்கே மிஞ்சியிருக்கும். துடைத்தாலும் பளிச்சிடச் செய்ய இயலாது. புதிய குறிகளைப் பொருத்துவதுதான் வழி. அதற்குரிய அழுத்தும் கருவியுடன் துப்பாக்கி மெக்கானிக்கிடம் செய்துகொள்வது நல்லது, சுத்தியால் தட்டி ஏற்ற வேண்டாம்.

பாகங்களைப் பொறுத்தவரை, நல்ல பராமரிப்பில் குழலும் ஸ்லைடும் நம் காலத்துக்கும் நிற்கும், தளர்ந்துபோவது ஸ்பிரிங்குகளே. பின்னுதைப்பு ஸ்பிரிங்கைச் சுமார் ஐயாயிரம் குண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது இந்தக் குடும்பத் துப்பாக்கிகளில் பொதுவான வழக்கம். பழையது வாங்கியவருக்கு முன்னர் எத்தனை குண்டுகள் சுடப்பட்டன என்று தெரியாது. ஆகவே வாங்கியதுமே மாற்றிவிடுங்கள். அடுத்தது மேகசின். பயிற்சிக்கு என்று சிலவற்றையும், எடுத்துச் செல்ல என்று வேறு சிலவற்றையும் தனித்தனியே அடையாளமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தரையில் விழுந்து விளிம்பு நெளிந்த மேகசினால் ஏற்படும் தடங்கலை, துப்பாக்கியின் பழுது என்று நினைத்து அலைந்தவர்கள் உண்டு. வாங்கும்போது பி239-க்கு உரியதா, 9 மி.மீ.-க்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள். பி239 வந்த மற்ற தோட்டா வகைகளான .40 எஸ் அண்ட் டபிள்யூ, .357 சிக் ஆகிய இரண்டும் ஒரே மேகசினில் பொருந்தும். குழலை மட்டும் மாற்றினால் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகலாம். உங்களுடையது 9 மி.மீ. என்றால் அந்த வசதி இல்லை.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பரின் பி239-ஐ ரேஞ்சில் ஒருமுறை சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். குடியேற்றமல்லாத விசாவில் வந்திருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ தம் வசம் வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. ரேஞ்சில் சிறிது நேரம் கையில் எடுப்பதும் அந்தத் தடையில் அடங்கும். விசா நிலையை இழந்த மாணவர் ஒருவர் புளோரிடாவில் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டதற்காகத் தொடரப்பட்ட வழக்கு, 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. வழக்கறிஞரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

கேள்வி: நாள் முழுவதும் அணிந்திருந்தால் இடுப்பு வலிக்கிறது. துப்பாக்கியின் மேல் வியர்வை படிந்து துருவும் தெரிகிறது. டெக்சாஸில் உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம் என்பதால் உரிமம் எடுக்கவில்லை; அது சரிதானே?

பதில்: வலிக்குப் பெரும்பாலும் காரணம் துணிக்கடை பெல்ட். 29 அவுன்ஸ் எடையைத் தாங்க உள்ளே விறைப்பு வைத்துத் தைத்த, இதற்கென்றே விற்கப்படும் பெல்ட் வேண்டும். உறையும் பி239-க்கென வார்க்கப்பட்டதாக, டிரிகரை முழுவதும் மூடுவதாக இருக்கட்டும். துரு முதலில் தோன்றும் இடங்கள் பிடியின் திருகுகள், குறிகள், மேகசினின் அடிப்பகுதி. மாலையில் கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தடவிய துணியால் மறுபடி ஒருமுறை துடைத்தால் போதும். வாரம் ஒருமுறையாவது அறையில் இருக்கும் தோட்டாவை மாற்றுங்கள். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் ஈயமுனை உள்ளே அமிழ்ந்து அழுத்தம் கூடும்.

உரிமம் பற்றிய உங்கள் முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள். 2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில், சட்டத் தடை ஏதுமில்லாத 21 வயது நிரம்பியவர் உரிமமின்றியே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்பது உண்மை. ஆனால் பள்ளி வளாகத்திலிருந்து ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம், மாநிலம் வழங்கிய உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு அளிக்கிறது. நகருக்குள் காரில் போகும்போது பள்ளிக்கு ஆயிரம் அடி தள்ளியே எப்போதும் போவது நடக்காத காரியம். வேறு மாநிலங்களுக்குப் போகும்போதும், டெக்சாஸ் உரிமத்தை ஏற்கும் மாநிலங்களில் அது உங்களுக்குப் பயன்படும். ஏற்காத மாநிலங்களில் துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டிவிட்டுச் செல்லுங்கள்.