கேள்வி – பதில்: பயமுறுத்தாத பூதங்களுக்கு ஏன் இத்தனை ரசிகர்கள்?

கேள்வி: ‘டிராகுலா’, ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ போன்ற பழைய ஹாலிவுட் படங்களைப் பார்த்து என் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால், அமெரிக்காவில் எழுபது வயதைத் தாண்டியவர்கள்கூட அவற்றைச் சலிக்காமல் பார்ப்பதாகவும், சுவரொட்டிகளையும் பொம்மைகளையும் தேடித்தேடிச் சேர்ப்பதாகவும் சொல்கிறார்களே, இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: தியேட்டரில் பிடித்ததல்ல, தொலைக்காட்சியில் பிடித்தது. அந்த இரண்டு படங்களும் 1931இல் வெளிவந்தபோது நீங்கள் சொல்லும் முதியவர்கள் பிறந்திருக்கவே இல்லை. 1957இல் யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய திகில் படங்கள் 52 ஒரே தொகுப்பாக அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்கப்பட்டன. இரவு நேரத்தில் அவற்றை ஒளிபரப்பிய நிலையங்கள் பல, ஃபிலடெல்ஃபியாவில் ஜான் சாக்கர்லி செய்ததைப்போல, பேய் வேடம் போட்ட ஒரு தொகுப்பாளரை நடுநடுவே தோன்றவைத்து, படத்தைக் கிண்டலடித்துக்கொண்டே பார்க்கவும் வைத்தன. ஆகவே, உங்கள் பிள்ளைகளின் சிரிப்பு புதிதல்ல. அன்றைய ரசிகர்களும் பாதி சிரித்துக்கொண்டுதான் இந்தப் படங்களுக்குள் நுழைந்தார்கள்.

மறு ஆண்டே, 1958இல், ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்’ என்ற பத்திரிகை வந்தது. ஒரே ஓர் இதழோடு முடித்துக்கொள்ளும் எண்ணத்தில் வெளியிடப்பட்ட அது விற்ற வேகத்தைக் கண்டு தொடரப்பட்டு, 1983 வரை நடந்தது. அதன் ஆசிரியர் ஃபாரஸ்ட் ஆக்கர்மன், சிறுவயதில் மௌனப் படங்களில் தொடங்கிய ஆசையைத் தொண்ணூறு வயதைத் தாண்டியும் விடாதவர். லாஸ் ஏஞ்சலஸில் இருந்த தம் வீட்டை முகமூடிகள், படப்பிடிப்பு மாதிரிகள், சுவரொட்டிகள் ஆகியவற்றால் நிரப்பி, சனிக்கிழமைகளில் முன்பின் தெரியாதவர்களையும் காசு வாங்காமல் உள்ளே விட்டுச் சுற்றிக்காட்டினார். உடல்நலம் குன்றியும் வழக்குச் செலவு நெருக்கியும் சேகரிப்பில் பெரும்பகுதியை விற்க நேர்ந்த பிறகு, சிறிய வீட்டுக்குக் குடிபோய் அங்கும் கதவைத் திறந்தே வைத்திருந்தார். 2008இல் மறைந்தார்.

வீடியோ இல்லாத அந்தக் காலத்தில், இரவில் ஒருமுறை பார்த்த படத்தை நிலையத்தார் மனம்வைத்து மறுபடி போட்டால்தான் பார்க்க முடியும் என்பதையும் நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். பத்திரிகையின் புகைப்படமும், 1960களின் தொடக்கத்தில் ஆரோரா நிறுவனம் விற்ற, வீட்டிலேயே ஒட்டிப் பூசிக்கொள்ளும் பிளாஸ்டிக் பூதங்களும்தாம் அந்தப் பிள்ளைகளிடம் நிலையாக இருந்தவை. சேர்த்துவைக்கும் பழக்கம் அவர்களிடம் இன்னும் போகாததற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

கேள்வி: இன்றைய கணினி வரைகலையின் முன் அந்தக் கால ஒப்பனை நிற்குமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃபின் முகத்தை அருகில் காட்டும் காட்சியை நிறுத்திவைத்துப் பாருங்கள். ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ், பஞ்சையும் கொலோடியன் என்ற பசையையும் அடுக்கடுக்காக வைத்து அந்தத் தட்டையான நெற்றியை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டினார். இதற்குத் தினமும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடித்தது. கண்கள் மிகவும் விழிப்பாகத் தெரிகின்றன என்று கார்லாஃப் சொன்னதன் பேரில் இமைகளில் மெழுகு பூசப்பட்டது. ஒரு பக்கத்தில் தாம் கட்டியிருந்த செயற்கைப் பற்களை அவரே கழற்றிவைத்துக் கன்னத்தைக் குழியாக்கிக்கொண்டார். இவ்வளவு சுமைக்கு அடியில் இருந்தும் அந்த முகம் நடிக்கிறது என்பதுதான் வியப்பு. படத்தின் தொடக்கப் பெயர்ப்பட்டியலிலோ, பூதமாக நடித்தவர் பெயருக்கு நேராக வெறும் கேள்விக்குறியைப் போட்டிருந்தார்கள்.

ஏரிக்கரைக் காட்சியையும் சொல்லியாக வேண்டும். ஒரு சிறுமி பூக்களைத் தண்ணீரில் வீசி மிதக்கவிடக் கற்றுக்கொடுக்கிறாள். பூதம் முதன்முறையாகச் சிரிக்கிறது. கையிலிருந்த பூ தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று நம்பி அவளையே தூக்கி ஏரியில் போட்டுவிட்டு, நடந்தது புரியாமல் கைகளைப் பிசைகிறது. தணிக்கையில் அந்தப் பகுதியை வெட்டி, பூதம் அவளை நோக்கிக் கை நீட்டுவதோடு நிறுத்திவிட்டதால், பார்த்தவர்கள் அதைவிடக் கொடுமையான எதையோ கற்பனை செய்துகொண்டார்கள். 1980களில்தான் வெட்டிய துண்டு மீண்டும் சேர்க்கப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு எந்தப் பிள்ளையாவது சிரித்தால் எனக்கு எழுதுங்கள். பயம் பழகப்பழகத் தேய்ந்துபோகும். அந்தப் பூதத்தின் மேல் வருகிற பரிதாபம் தேய்வதில்லை, அதனால்தான் ரசிகர்கள் திரும்பத் திரும்ப அதனிடம் போகிறார்கள்.

இந்தப் பரிதாபம் சிலரைப் படைப்பாளிகளாகவும் ஆக்கியிருக்கிறது. 1954இல் வந்த ‘கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ படத்தில், நீந்தும் நாயகிக்குக் கீழே அவளுக்குத் தெரியாமல் இணையாக நீந்தும் மீன்மனிதனைச் சிறுவனாகப் பார்த்த மெக்சிகோ இயக்குநர் கில்லெர்மோ டெல் டோரோ, அவர்கள் இருவரும் சேர வேண்டும் என்று விரும்பியவர். பின்னாளில் அந்த ஆசையையே கதையாக்கி எடுத்த ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ 2018இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது.

கேள்வி: ஜப்பானின் காட்ஸில்லாவும் இந்த வரிசையில் சேருமா? (சென்னை வாசகர்)

பதில்: தாராளமாகச் சேரும். 1954இல் வந்த முதல் படம், அணுகுண்டின் நினைவு ஆறாத நாட்டில் எடுக்கப்பட்டது என்பதால் பிற்காலப் படங்களைவிடத் துயரமானது. கனத்த ரப்பர் உடைக்குள் புகுந்து நடித்தவர் ஹருவோ நாகாஜிமா. பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பாஸ் வாத்தியத்தின் தளர்ந்த தந்திகளை இழுத்து அந்த உறுமலை உண்டாக்கினார்கள்.

கேள்வி: பத்து வயதுப் பேரனோடு பார்க்க எதிலிருந்து தொடங்கலாம்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: 1933இல் வந்த ‘கிங் காங்’ படத்திலிருந்து தொடங்குங்கள். சிறு பொம்மையை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அணுவணுவாக நகர்த்திப் படமெடுத்தார்கள். நகர்த்தியவர்களின் விரல் பட்டுக் குரங்கின் ரோமம் தானாகச் சிலிர்ப்பது திரையிலேயே தெரியும், அதைப் பேரனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சில இடங்கள் கொடூரமாகவே இருக்கும் என்பதால் முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அடுத்ததாக ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பார்க்கலாம். எழுபது நிமிடத்துக்குச் சற்று மேலே போனால் அதிகம். ‘டிராகுலா’வில் பின்னணி இசை அநேகமாகக் கிடையாது, நடையும் மெதுவானது, அவனுக்கு இன்னும் இரண்டு மூன்று வயது கூடட்டும்.