செடிகள் வளர்க்கும் 3 அடி மீன் தொட்டியில் பாசியை நீக்க, பாசியைச் சுரண்டித் தின்னும் பிளெக்கோ மீனை வளர்க்கலாமா? அது செடிகளைத் தின்றுவிடுமா?

வளர்க்கலாம். ஆனால் எந்த பிளெக்கோவை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தே உங்கள் செடிகளின் ஆயுள் அமையும். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடொன்றில் 11 ஆண்டுகளாகச் செடித் தொட்டி வைத்திருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். முதல் தொட்டியில் நான் செய்த தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் ஊரில் பிளெக்கோ என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கிடைப்பது 'இக்கான் பண்டாராயா'தான். மாநகர மன்றத்துத் துப்புரவுப் பணியாளரைப் போலத் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கையில் மலாயில் வழங்கும் அந்தப் பெயர் நம்மிடமும் ஒட்டிக்கொண்டது. இரவுச் சந்தையில் நெகிழிப் பையில் இரண்டு அங்குலமே இருந்த ஒன்றை வாங்கி வந்தேன். முதல் சில மாதங்கள் அது கண்ணாடியையும் கற்களையும் பளபளவென்று வைத்திருந்தது. ஒன்றரை ஆண்டில் ஓர் அடியை நெருங்கிவிட்டது. அதன் பிறகு பாசியை நாடுவதைக் குறைத்துக்கொண்டு, மற்ற மீன்களுக்குப் போடும் தீனிக்காகக் காத்திருக்கத் தொடங்கியது. இரவில் திரும்பும்போதெல்லாம் வாலால் அடிமண்ணை வாரி, புதிதாக நட்ட செடிகளைப் பிடுங்கி மிதக்கவிட்டது. இந்த இனம் ஒன்றரை அடி வரை வளரக்கூடியது என்பதால், 3 அடித் தொட்டியில் அதற்குத் திரும்பவே இடம் போதாது.

செடியைத் தின்னுமா என்பதற்கு நேரான விடை: பசித்தால் சுரண்டும். பிளெக்கோவின் வாய் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, வரிசையான நுண்பற்களால் அரம்போல் சுரண்டுவதற்கென்றே அமைந்தது. அகலமான மென்மையான இலை அகப்பட்டால், அதன் மேல் படிந்த பாசியைச் சுரண்டும் வேகத்தில் இலையின் தோலையும் சேர்த்து உரித்துவிடும். அமேசான் வாள் செடியின் இலைகள் நரம்பு மட்டும் எஞ்சிய சல்லடையாக மாறியதைக் காலையில் பார்த்து நொந்திருக்கிறேன். செடியும் மீனும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. பங்காளிப் பகை போலும். ஆகவே அந்தச் செடியைத் தவிர்த்துவிட்டு, தடித்த இலையுள்ள அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டி வையுங்கள். அவற்றின் கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். கிரிப்டோகோரைன் போன்ற வேரூன்றும் செடிகளை நட்டால், அவை நன்றாகப் பிடித்துக்கொள்ள இரண்டு மாதம் விட்டு அதன் பிறகே மீனைக் கொண்டு வாருங்கள். தரையில் விரிப்புபோல் படரும் சிறு செடிகளுக்கும் பிளெக்கோவுக்கும் ஒத்துவராது.

உங்கள் தொட்டிக்கு நான் பரிந்துரைப்பது பிரிஸ்டில்நோஸ் எனப்படும் சிறிய இனத்தை. சுமார் 12 சென்டிமீட்டரில் நின்றுவிடும். வளர்ந்த ஆணின் மூக்கைச் சுற்றிக் கிளைத்த மீசை முளைத்திருக்கும். ஒன்று போதும். இரண்டு ஆண்களைச் சேர்த்தால் ஒளிவிடத்துக்காகச் சண்டை வரும். ஆணும் பெண்ணுமாகச் சேர்த்தால் குகைக்குள் முட்டையிட்டு, ஆண் காவல் இருந்து பொரித்து, சில மாதங்களில் குஞ்சுகளை யாருக்குக் கொடுப்பது என்று நீங்கள் அலைய நேரிடும். வரிக்குதிரைபோல் கறுப்பு வெள்ளைப் பட்டையுடைய பிளெக்கோவின் அழகில் மயங்க வேண்டாம்: பிரேசிலின் ஷிங்கு ஆற்றைச் சேர்ந்த அம்மீன் புலால் உணவையே விரும்புவது, விலையும் மிக அதிகம், பாசிக்கு அதனால் பயனில்லை.

பிரிஸ்டில்நோஸும் பாசியை மட்டும் நம்பி வாழாது. விளக்கை அணைத்த பிறகு, மூழ்கும் பாசித் தீனி வில்லையோ வெந்நீரில் வாட்டிய வெள்ளரித் துண்டோ போடுங்கள். வெள்ளரி மிதக்கும் என்பதால் எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி இறக்குவது என் வழக்கம். மிச்சத்தைக் காலையிலேயே எடுத்துவிட வேண்டும். நம் வெப்பத்தில் மதியத்துக்குள் தண்ணீர் கலங்கிவிடும். சுரண்டுவதற்கும் பகலில் ஒளிவதற்கும் ஒரு மரக்கட்டை அவசியம். புதுக்கட்டை முதலில் தண்ணீரைத் தே ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்துக்கு மாற்றும், அதனால் தீங்கில்லை.

பாசி எந்த வகை என்பதையும் பாருங்கள். புதுத் தொட்டியில் வரும் பழுப்புப் படிவையும் கண்ணாடியில் படரும் பச்சைப் படலத்தையும் பிளெக்கோ தின்னும். இலை விளிம்பில் தாடிபோல் முளைக்கும் கரும்பாசியைத் தொடாது. அதைத் தின்பது சயாமிய பாசியுண்ணி. நம் தீபகற்பத்து ஆறுகளிலேயே வாழும் மீன். ஒரு நாளைக்கு விளக்கு 10 மணி நேரம் எரிந்தால் எந்த மீனாலும் பயனில்லை. 7 மணி நேரத்துக்குக் குறைத்துவிட்டுப் பிறகு மீனைப் பற்றி யோசியுங்கள்.

நம் வீடுகளில் தொட்டி நீர் 28 முதல் 30 பாகை வரை சூடாகவே இருக்கும். சூடு கூடக்கூட நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். இரவில் செடிகளும் ஆக்சிஜனையே எடுத்துக்கொள்ளும். எனவே செடிகளுக்காகக் கரியமில வாயு செலுத்துகிறீர்கள் என்றால் விளக்கோடு அதையும் நிறுத்திவிட்டு, வடிகட்டியிலிருந்து வரும் நீர் தொட்டியின் மேற்பரப்பைக் கலக்கும்படி அதன் வாயைத் திருப்பி வையுங்கள். விடியற்காலையில் மீன் அடிக்கடி மேலே வந்து காற்றைக் கவ்வினால் ஆக்சிஜன் போதவில்லை என்று பொருள். பிளெக்கோ ஓயாமல் கழிப்பது என்பதால் வாரந்தோறும் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவே நீர் மாற்றுகிறேன். தண்ணீர்த் தடை முடிந்து குழாயில் கலங்கல் வரும் நாளில் மட்டும் மாற்றுவதில்லை. தெளிந்த பின்பும் குளோரின் நீக்கி கலக்காமல் ஊற்றுவதில்லை.

என் பழைய பண்டாராயாவைத் தித்திவங்சா ஏரியில் விட்டுவிடும்படி பக்கத்து வீட்டு அண்ணன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் இந்த மீன் பெருகிக் கிடப்பது அப்படி விடப்பட்டவற்றால்தான். கவசம் போன்ற தோலால் இதை விழுங்கும் எதிரிகள் குறைவு, வயிற்றால் காற்றைச் சுவாசித்து அழுக்கு நீரிலும் பிழைக்கும், கரையில் வளை தோண்டி முட்டையிட்டு மண்ணைச் சரிக்கும். நான் சிமெண்டுத் தொட்டி வைத்திருந்த ஒரு கடைக்காரரிடம் ஒப்படைத்தேன். பிடிக்கும்போது வலையைப் பயன்படுத்தினேன். முட்கள் சிக்கி, கத்தரியால் வலையை வெட்டித்தான் மீனை விடுவிக்க முடிந்தது. நீங்கள் ஒரு நெகிழி டப்பாவுக்குள் ஓட்டிப் பிடியுங்கள்.