கைபேசியைக் கண்டதும் பாட்டி வாயை மூடிக்கொள்கிறார்

கேள்வி: என் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு 88 வயது. கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் சீவியே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். இப்போது ஆயர் ஈத்தாமில் எங்களோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அவர் வாழ்க்கையைப் பதிவுசெய்ய உட்கார்ந்தால், "என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது?" என்கிறார். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அப்பா சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) போனார் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. மேற்கொண்டு கேட்கலாமா?
– வாசகி, பினாங்கு

பதில்: "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால் நானும் விழிக்கத்தான் செய்வேன். மரம் சீவியவரிடம் மரத்தைப் பற்றிக் கேளுங்கள்.

என் அம்மாவும் பிடிகொடுக்காதவர்தான். ஒருநாள் அவர் சுரைக்காய் நறுக்க உட்கார்ந்தபோது, "மரத்தை எந்தப் பக்கமிருந்து சீவுவீர்கள்?" என்று சும்மா கேட்டுவைத்தேன். காயை நிமிர்த்தி நிறுத்தினார். கத்தியை உளி மாதிரி பிடித்து, இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகத் தோலில் ஒரு சரிவுக் கோடு இழுத்தார். "பட்டையோடு நிற்க வேண்டும். உள்ளே மரத்தில் பட்டால் கங்காணியிடம் ஏச்சுதான்." அங்கே பிடித்த பேச்சு, இருட்டோடு போன பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, வெயில் ஏறுமுன் சீவி முடிக்க வேண்டிய மர நிரை, ஆயாக்கொட்டகையில் விட்டுவந்த கைப்பிள்ளை என்று ஒரு மணி நேரம் ஓடியது. அன்று சாம்பார் மத்தியானம் தாண்டித்தான் கொதித்தது.

பாட்டியின் கையிலும் ஏதாவது கொடுங்கள்: பழைய படம், ரப்பர்ப் பால் பிடித்த மங்கு, எதுவானாலும். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர் என்றால் அதைப் பற்றிக் கேளுங்கள். இந்த மண்ணிலேயே பிறந்து குடியுரிமைக்கு அலைந்தவர்கள் கொஞ்சமா? பதிவு செய்வதை அவரிடம் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். மின்விசிறிக் காற்று நேரே படாத இடத்தில், மடித்த துண்டின்மேல் கைபேசியை வையுங்கள். அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடலாம், அதற்கும் வழி செய்துகொள்ளுங்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். ஆண்டைத் தப்பாகச் சொன்னால் இடைமறிக்காதீர்கள். 'பெரட்டு' என்றால் 'பெரட்டு' என்றே எழுதுங்கள்.

சயாம் விஷயத்துக்கு வருகிறேன். 1942, 43இல் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் ஏராளம். இதெல்லாம் புத்தகத்திலேயே கிடைக்கும், பாட்டியைத் துருவ வேண்டாம். அப்போது அவருக்கு ஐந்தாறு வயது. ரயில் பாதையை அவர் எங்கே கண்டார்? அவர் கண்டது தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலைத்தான். "உங்கள் அப்பா போன பிறகு மரவள்ளிக்கிழங்கு பிடுங்க யார் போனார்கள், பாட்டி? ராத்திரி யார் பக்கத்தில் படுத்துக்கொண்டீர்கள்?" இந்த அளவில் கேளுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் பதிவை நிறுத்திவிட்டுத் தேநீர் கலக்கிக் கொடுங்கள். உங்கள் அப்பா வீட்டில் இல்லாத நேரமாகவும் பாருங்கள். மகன் எதிரில் அழ விரும்பாத தாய்மார்கள் பேத்தியிடம் பேசுவார்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் தேதி போட்டு, ஒரு பிரதியை உங்கள் அத்தைக்கும் அனுப்பிவிடுங்கள். எப்போதும் கைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அந்தச் சுரைக்காய் நாளில் என்னுடையது அடுத்த அறையில் சார்ஜரில் கிடந்தது.